பெட்டிக்குள் ஒரு கேன் காற்று

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "பாய் இல்லியா?" என்பதுதான். முழங்கை வரை மரத்தூளோடு நான் நின்றுகொண்டிருப்பேன். கையில் பலகை அறுக்கும் மெஷின் இருக்கும். காலடியில் பாதி முடிந்த பெட்டி கிடக்கும். அதை யார் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று யோசிக்க ஒருத்தனுக்கும் புத்தி போகாது. எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள், அங்கே ஓர் ஆம்பளை ஒளிந்திருப்பது மாதிரி. இந்தக் கேள்விக்கு நான் எரிச்சல்படாமல் பதில் சொன்ன நாள் கிடையாது.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில், பருத்திப்பட்டு ஏரி தாண்டி, இரண்டு ஷட்டர் வைத்த கடை எங்களுடையது. ஒரு ஷட்டர் என் வீட்டுக்காரருடையது. காருக்கு ஸ்பீக்கர், ஆம்ப், வயரிங் எல்லாம் அவர் வேலை. இன்னொன்று என்னுடையது. சீட் கவர் தைப்பேன், குஷன் கட்டுவேன். என்னைப் பெற்ற அத்தா பூந்தமல்லியில் லாரிகளுக்கு சீட் கட்டியவர். அந்த வேலை எனக்குக் கையோடு வந்தது. சப்வூஃபர் பெட்டி அப்படி வரவில்லை. அதை நானாகப் பிடித்தேன்.

சப்வூஃபர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாட்டில் கீழே ஓடும் கனத்த சத்தம் இருக்கிறதே, மேளத்தின் அடி, வயிற்றில் வந்து முட்டும் சத்தம், அதற்கு மட்டும் தனியாக வைக்கிற பெரிய ஸ்பீக்கர்தான் அது. சும்மா வைத்தால் ஒன்றும் வராது. ஒரு பெட்டியில் அடைத்தால்தான் சத்தம் வரும். பெட்டி எப்படியோ சத்தமும் அப்படி. ஆனால் வாங்க வருகிறவன் வூஃபருக்குத்தான் காசை எண்ணுவான். பெட்டி என்றால், "பலகைதானே, எதையாவது அடிச்சிக் குடுங்க" என்பான்.

முன்பெல்லாம் ஒரு தச்சர் எங்களுக்குப் பெட்டி அடித்துத் தருவார். அவர் வேலைக்கு வெளிநாடு போய்விட்டார். என் வீட்டுக்காரர் ரெடிமேட் பெட்டிகளை வாங்கி அடுக்கினார். அதற்குத் துணி ஒட்டித் தரச் சொல்லி என்னிடம் தள்ளினார். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். மிட்டாய் டப்பா மாதிரி மெல்லிய பலகை. மூலையில் பசை இல்லை, விரல் போகிற சந்து. எல்லா வூஃபருக்கும் ஒரே அளவு. எல்லா உடம்புக்கும் ஒரே அளவில் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தால் எந்தப் பொம்பளையாவது சும்மா விடுவாளா? என் முகத்திலேயே வீசிவிட்டுப் போவாள். ஆம்பளைகள் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அன்றைக்குக் கோபத்தில் ஒரு பலகையை அறுத்தேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

பெட்டியின் அளவு ஏன் முக்கியம் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. தண்ணீர் லாரியில் குடம் பிடித்த எந்தப் பொம்பளைக்கும் அது தெரியும். காலிக் குடத்தில் தண்ணீர் விழும்போது சத்தம் கனமாக இருக்கும். நிறைய நிறைய சத்தம் மேலே ஏறும். பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டுக்கொண்டே, குடத்தைப் பார்க்காமலே, கழுத்து வரை வந்துவிட்டது என்று தெரிந்து கையை நீட்டிக் குழாயைத் திருப்புவோம். குடத்தில் காற்று குறையக் குறைய சத்தம் மெலிந்து மேலே போகிறது. பெட்டியிலும் அதே கதைதான். உள்ளே இருக்கும் காற்று கம்மி என்றால் கனமான சத்தம் இறங்காது.

இன்னொன்றும் உண்டு. சைக்கிள் பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். காற்று திருப்பித் தள்ளும். மூடிய பெட்டியில் வூஃபரின் முகத்தில் இருக்கும் கூம்புப் பேப்பர் முன்னும் பின்னும் ஆடும்போது உள்ளே இருக்கும் காற்று இப்படித்தான் ஸ்பிரிங் மாதிரி அதைத் தள்ளுகிறது. பெட்டி சின்னது என்றால் ஸ்பிரிங் விறைப்பு. பேப்பர் இஷ்டத்துக்கு ஆட முடியாமல் ஒரே ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு டொம் டொம் என்று கத்தும். பெட்டி அளவுக்கு மீறிப் பெரிது என்றால் அதுவும் கேடு. பிடிமானமே இல்லாமல் பேப்பர் பேயாட்டம் ஆடும். சத்தம் கொழகொழவென்று வரும். ஒரு நாள் வூஃபரே கிழியும். "பெருசா அடிங்க, பெருசு பெருசுதான்" என்று சொல்கிறவனையும் எனக்குப் பிடிக்காது, "எவ்ளோ சின்னதா முடியுமோ அடிங்க" என்கிறவனையும் பிடிக்காது. வூஃபர் கேட்கிற அளவு ஒன்று இருக்கிறது. அதைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

சதுரப் பெட்டி என்றால் நீளம், அகலம், உயரம் பெருக்கி அளவு போட்டுவிடலாம். ஃபைபரில் வார்க்கும் பெட்டிக்கு அது நடக்காது. கார் டிக்கியின் ஓரத்தில் வளைவு வளைவாக உட்காரும் பெட்டி பூசணிக்காய் மாதிரி இருக்கும். பூசணிக்காய்க்கு ஏது நீளம் அகலம்? தண்ணீர் ஊற்றி அளந்தால் பலகை ஊறிவிடும். அரிசி போட்டு அளக்க எனக்கு மனம் வராது. சோற்றுக்கு உள்ளதை மரத்தூளில் கொட்டுவார்களா?

பொரி வந்தது. எங்கள் வரிசையில் லேத் பட்டறை, டிங்கரிங், பஞ்சர் கடை, வாட்டர் சர்வீஸ் எல்லாம் உண்டு. ஆயுத பூஜை முடிந்ததும் ஒருவர் விடாமல் எங்கள் கடைக்குப் பொரிப் பொட்டலம் கொடுப்பார்கள். இவர்கள் பூஜை போடாதவர்கள் ஆயிற்றே என்று யாரும் யோசித்தது கிடையாது. எங்கள் கடையில் பூஜை கிடையாது, ஆனால் வரிசையிலேயே அதிகப் பொரி எங்கள் கடையில்தான் இருக்கும். எல்லாப் பொட்டலமும் என் வீட்டுக்காரர் கைக்குத்தான் வரும். "இந்தா பாய்." அதையும் நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு மாதத்துக்குள் நமுத்துப்போகும். ஒரு தடவை அவர் மூட்டையாகக் கட்டிக் குப்பைக்கு எடுத்துப்போனபோது பிடுங்கிக்கொண்டேன். வார்த்து வைத்திருந்த ஃபைபர் பெட்டியில் கொட்டினேன். நிரம்பியதும் அந்தப் பொரியைக் காலித் தண்ணீர் கேனில் திருப்பிக் கொட்டினேன். கேன் இருபது லிட்டர். ஒரு கேனா, அரைக் கேனா, ஒன்றரைக் கேனா? அளவு கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து நான் பெட்டியைக் கேன் கணக்கில்தான் பேசுவேன். "இந்த வூஃபருக்கு ஒரு கேன் காற்று வேணும்" என்பேன். என் வீட்டுக்காரர் சிரிப்பார். அளவு தப்பியது இல்லை.

இப்படி நான் செய்த பெட்டிகளை அவர் வண்டியில் மாட்டுவார். வந்தவன் பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, "பாய், பொட்டி சூப்பர் பாய்" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்குவான். அவர் சிரித்துக்கொண்டு நிற்பார். நான் தையல் மெஷினில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ராத்திரி வீட்டில் கேட்டால், "யார் செஞ்சா இன்னா, கடை ஒண்ணுதானே" என்பார். கடை ஒன்றுதான். கை குலுக்கல் மட்டும் எப்போதும் ஒரே கைக்குப் போனது.

போன ஆயுத பூஜை முடிந்த வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, அவர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். ஐயப்பன்தாங்கலிலிருந்து ஒரு டாக்ஸி டிரைவர் வந்தார். வண்டியை ஷட்டர் முன்னால் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினார்.

"பாய் இல்லியாக்கா?"

"தொழுகைக்குப் போயிருக்காரு. இன்னா வேலை?"

"சவுண்டு வேலைக்கா. அவரு வந்தாதான் ஆவும்."

"வயரிங்கா, பொட்டியா?"

"பொட்டிதான்."

"அப்ப எங்கிட்டதான் சொல்லணும்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். வழக்கம்போல எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "நீயா பொட்டி அடிக்கிற?"

"ஏன், மீசை வெச்சாத்தான் ஸ்க்ரூ எறங்குமா?"

அவர் கொஞ்சம் நெளிந்துவிட்டு டிக்கியைத் திறந்தார். உள்ளே பெரிய கேஸ் சிலிண்டர் படுத்துக்கிடந்தது. இப்போது டாக்ஸி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் பெட்ரோலை விட்டுக் கேஸுக்கு மாறிவிட்டார்கள். சிலிண்டர் வந்தால் டிக்கி போச்சு. பின் சீட்டிலிருந்து ஒரு சின்னப் பெட்டியைத் தூக்கி என் முன்னால் வைத்தார். அதில் பன்னிரண்டு அங்குல வூஃபர் ஒன்று, பொங்கிய பானை வாய் மாதிரி பிதுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"முன்ன பெரிய பொட்டிக்கா. நான் தெருமுனைல வர்றப்பவே சத்தத்த கேட்டுட்டு டீக்கடைக்காரன் எனக்கு டீய ஆத்த ஆரம்பிச்சிடுவான். கேஸ் போட்டப்பறம் அது ஏறல. ஒருத்தன் இத்த அடிச்சிக் குடுத்தான். அத்த மாட்டுன நாள்லேர்ந்து எல்லாப் பாட்டும் ஒரே பாட்டா கீது. சாவு மோளமும் அதான், சாமிப் பாட்டும் அதான். வூஃபர் புட்டுக்கிச்சுன்னு நெனிக்கிறேன்."

"வூஃபருக்கு ஒண்ணும் ஆவல. வளந்த ஆம்பளைக்கு எல்கேஜி சட்டை மாட்டி உட்டிருக்கான். மூச்சு முட்டிக் கத்துது."

"பொட்டி இன்னாக்கா பண்ணும், பலகைதானே?"

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினேன். "பலகைக்கு நான் பேசல. உள்ள இருக்கற காத்துக்குப் பேசறேன். குடத்துல தண்ணி புடிச்சிருக்கியா?"

"அதெல்லாம் ஊட்ல அது பாத்துக்கும்."

"அப்ப உனக்குப் புரியாது. உக்காரு."

உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "அக்கா, தப்பா எடுத்துக்காத. பஸ் டிப்போ பக்கத்துல எங்க டாக்ஸி ஸ்டாண்டு. எல்லாரும் கேஸ் மாத்திட்டாங்க. எல்லாரு பொட்டியும் மொட்டை மாடில வெயில்ல கெடக்குது. எனுக்கு நல்லா வந்தா மொத்த ஸ்டாண்டும் இங்க வந்து நிக்கும். நாறிடுச்சுன்னா ஒருத்தரும் வரமாட்டாங்க. அதான் பாயே கை வெச்சா நல்லதுன்னு பாக்கறேன். சீட் கவர்னா உன் கையில கண்ண மூடிகினு குடுத்துட்டுப் போவேன்."

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டார். டிக்கியைப் பார்த்தார். பிறகு என்னை மெஷினுக்குப் பின்னால் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் செய்றேன்னே சொல்லிக்கலாம். அப்புறம் நீ உன் இஷ்டத்துக்குச் செய்யி. மொத்த ஸ்டாண்டும் வரும்ங்கறான். எதுக்கு வம்பு?"

அவர் கெட்டவர் இல்லை. ஒரு நாள்கூட என்னை வீட்டில் இரு என்று சொன்னதில்லை. பெட்டி செய்யாதே என்றும் சொன்னதில்லை. ஆனால் அந்தச் சொல் என்னைச் சுட்டது. என் கையால் நான் செய்கிறேன், அவர் வாயால் அது அவருடையது ஆகிறது. போதும் என்று தோன்றியது. நேராக வெளியே வந்து டிரைவர் முன்னால் நின்றேன்.

"கேட்டுக்கோ. இந்தக் கடைல பொட்டி செய்யறது நான். இது வரைக்கும் செஞ்சதும் நான்தான். உன் பொட்டியும் நான்தான் செய்வேன். உன் காதுக்கு நல்லா இல்லன்னா அத்த ஒடச்சி ரோட்டுல போட்டுட்டு, இனிமே சீட் கவரோட நிறுத்திக்கறேன். பொட்டியத் தொடவே மாட்டேன். போதுமா?"

டிரைவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன் இப்படி வாய உடற?" என்றார்.

வாயை விட்டாயிற்று. வேலையைத் தொடங்கினேன்.

சிலிண்டருக்கும் டிக்கியின் இடப்பக்கச் சுவருக்கும் நடுவே ஒரு கோணல் மாணலான சந்து இருந்தது. சதுரப் பெட்டி அங்கே நுழையாது. ஃபைபர்தான். "சிலிண்டர் மேலயோ கேஸ் பைப் மேலயோ கை பட்டா நான் இந்த வேலையே எடுக்கமாட்டேன்" என்று என் வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அதில் அவர் சொன்னதுதான் சரி. ஒரு ஸ்க்ரூகூட அந்தப் பக்கம் போகக் கூடாது, பெட்டி வெளிச்சுவரில் மட்டும் பிடித்து நிற்க வேண்டும், சிலிண்டரைச் சுற்றிக் காற்றுப் போக இடம் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

டிக்கிச் சுவரில் டேப் ஒட்டி, அதன் மேல் கண்ணாடி இழையில் செய்த ஃபைபர் பாயைப் பசையில் நனைத்துப் போட்டு அச்சு எடுத்தேன். காய்ந்ததும் அது காரின் வளைவை அப்படியே வாங்கிக்கொண்டு வந்தது. வூஃபர் உட்காரும் பலகை வளையத்தை அதன் முன்னால் குச்சி கொடுத்து நிறுத்தினேன். இரண்டுக்கும் நடுவே துணியை இழுத்துக் கட்ட வேண்டும். மற்றவர்கள் தோற்றுப்போகும் இடம் இதுதான். துணி ஒரு இடத்தில் சுருங்கினால் அங்கே பசை தேங்கும், இன்னொரு இடம் மெலியும். மெலிந்த இடம் அதிரும். அதிர்ந்தால் சத்தம் கெட்டுவிடும். லாரி சீட்டின் மூலையில் ஒரு மடிப்பு வராமல் ரெக்ஸின் இழுத்தவள் நான். துணி என் கையில் மேளத்தோல் மாதிரி நின்றது. பசையைத் தடவி, உள்ளே இன்னும் இரண்டு மூன்று அடுக்குப் பாய் வைத்து, கை முஷ்டியால் குத்திப் பார்த்தேன். சுவரில் குத்தினது மாதிரி இருந்தது. என் கை வலித்தது. சந்தோஷமாக இருந்தது.

பிறகு அளந்தேன். அந்த வருடத்துப் பொரி புதிதாக இருந்தது. ஒரு கேன் நிறைந்து, ஒரு சொம்பு மிச்சம். அவ்வளவுதான் அந்தச் சந்து கொடுத்த இடம். அதில் பன்னிரண்டு அங்குல வூஃபரின் காந்தமே அந்தச் சொம்பை விழுங்கிவிடும். அந்த வூஃபருக்கு ஒன்றரைக் கேன் காற்றாவது வேண்டும். என் குஷன் கடைப் பஞ்சை உள்ளே தளர்வாக அடைத்தால் பெட்டி கொஞ்சம் பெரிதானது மாதிரி ஏமாறும். அது உண்மை, நான் செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் பஞ்சு கொஞ்சம்தான் ஏமாற்றும். அரைக் கேன் ஏமாற்றாது.

டிரைவருக்குப் போன் போட்டு வரச் சொன்னேன். "பன்னெண்டு வேணாம். பத்து இஞ்ச் போட்டுக்கலாம், அதுக்கு ஒரு கேன் காத்து போதும். கடைலயே ஒண்ணு இருக்கு."

வந்ததும் குதித்தார். "இன்னாக்கா பேசற? பன்னெண்டு கீறப்ப பத்தா? டிக்கியத் தொறந்தா ஸ்டாண்டே சிரிக்கும். மாமே, வண்டி கேஸுக்கு மாறுனா மாதிரி நீயும் எளச்சிட்டியான்னு கேப்பானுங்க."

"தொறந்து வெச்சிப் பாக்கறதுக்கு அது இன்னா மீன் தொட்டியா? கேக்கறதுக்குத்தானே?"

"கேக்கறதுக்கும் பன்னெண்டுதான்க்கா கெத்து."

"சரி. ரெண்டையும் இதே பொட்டில போட்டுக் காட்டறேன். நீ பாக்கக் கூடாது. கண்ண மூடிகினு குடுப்பேன்னு சொன்னல்ல, கண்ண மூடிகினு கேளு. எது நல்லா கீதோ சொல்லு. பன்னெண்டுன்னு சொன்னா நான் தோத்தேன்."

பன்னிரண்டுக்கு வெட்டிய வாயில் பத்து உட்கார ஒரு பலகை வளையம் வெட்டி வைத்திருந்தேன். டிரைவரை முன் சீட்டில் ரோட்டைப் பார்த்து உட்கார வைத்தேன். கண்ணாடியை மேலே திருப்பிவிட்டேன். டிக்கியை மூடினால் அவருக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்து லேத் பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஆம்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். முகம் சரியில்லை.

முதலில் பன்னிரண்டை மாட்டினோம். டிரைவருக்குப் பிடித்த கானாப் பாட்டு ஒன்றையே போட்டோம். சத்தம் பலமாகத்தான் வந்தது. ஆனால் டொம் டொம் என்று ஒரே இடத்தில் நின்றது. கழற்றினோம். வளையத்தை வைத்துப் பத்தை மாட்டி, டிக்கியை மூடி, அதே பாட்டை அதே சத்தத்தில் வைத்தோம்.

முதல் அடி விழுந்தது. கூடவே கிர்ர்ர் என்று ஒரு சத்தம். அடுத்த அடி. மறுபடியும் கிர்ர்ர்.

டிரைவர் முன்னால் பார்த்தபடியே கத்தினார். "இன்னாக்கா இது, உள்ள பூரான் ஓடுற மாதிரி கீது? பொட்டி வெடிச்சிகிச்சா? இது எதுவா இருந்தாலும் வேணாம்பா!"

பயந்துதான் போனேன். பொய் சொல்லவில்லை. ஃபைபரில் எங்கேயாவது கீறல் விழுந்திருந்தால் கதை முடிந்தது. பிறகு நான் ரோட்டில் உடைக்க வேண்டியதுதான். மொத்த ஸ்டாண்டும், "பொம்பள செஞ்ச பொட்டி" என்று சொல்லிச் சிரிக்கும். என் வீட்டுக்காரர், "நான் ஒரு தடவை பாக்கட்டா?" என்றார். "தொடாதீங்க" என்றேன்.

டிக்கியைத் திறந்து, பாட்டு ஓடும்போதே பெட்டி முழுக்கக் கையை வைத்துத் தடவினேன். எங்கேயும் காற்று கசியவில்லை. ஒரு இடமும் நடுங்கவில்லை. பெட்டி கல் மாதிரி நின்றது. அப்படியானால் சத்தம் பெட்டியுடையது இல்லை. பாட்டை நிறுத்தச் சொல்லி வூஃபரைக் கழற்றித் திருப்பினேன். அதன் முதுகில் இருக்கும் இரும்புக் கூட்டுக்கும் பேப்பருக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டிருந்தது ஒரு பொட்டுக்கடலை.

பூஜைப் பொரி. கடலை கலந்த பொரி. அளந்து முடித்துப் பெட்டியைக் கவிழ்த்து உதறியபோது ஒன்று மட்டும் உள்ளேயே தங்கி, பிறகு அடைத்த பஞ்சில் சிக்கி நின்றிருக்கிறது. வூஃபரை மாற்றும்போது அதன் முதுகில் ஏறிவிட்டது. நான் அதை இரண்டு விரலில் பிடித்துத் தூக்கிக் காட்டினேன்.

லேத் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார். "அட, இது நம்ம பட்டறைக் கடலையாச்சே!"

முன் சீட்டிலிருந்து டிரைவர், "இன்னா அண்ணாத்தே, இன்னா கெடச்சிது?" என்றார்.

"பொட்டுக்கடலை நைனா."

"அக்கா! பொட்டிக்குப் பூஜை போட்டு மூடிட்டியா? தேங்காய எங்க ஒடச்ச?"

என் வீட்டுக்காரர் டிக்கியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லேத் பட்டறைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பசை நாற்றம் இல்லாவிட்டால் அந்தக் கடலையை வாயில் போட்டு மென்றிருப்பேன். ரோட்டில் எறிந்தேன். பஞ்சை முழுசாக வெளியே எடுத்து உதறி, பெட்டியை டார்ச் அடித்துப் பார்த்து, மறுபடியும் அடைத்தேன். "இப்ப போட்டது எதுவும் கணக்கில்ல. முதல்லேர்ந்து" என்றேன்.

இந்தத் தடவை பத்தை முதலில் மாட்டச் சொன்னேன். முதலில் வருவது பன்னிரண்டு, அடுத்தது பத்து என்று ஆள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஏமாறட்டும் என்று. டிக்கியை மூடினேன். பாட்டு ஓடியது. நான் காரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அடி ஒவ்வொன்றும் தனித்தனியாக இறங்கியது, நின்றது. அடுத்த அடிக்கு இடம் விட்டது. மேளத்தில் கை விழுவதும் தெரிந்தது, கை எடுப்பதும் தெரிந்தது. இடையில் ஒரு நீளமான கனத்த சத்தம் படிப்படியாகக் கீழே இறங்கும், அதுவும் முழுசாக வந்தது. பிறகு அதைக் கழற்றிவிட்டுப் பன்னிரண்டை மாட்டினோம். அதே டொம் டொம்.

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. பன்னிரண்டு பாதியில் ஓடும்போதே கையை வெளியே நீட்டினார். "போதும். நிறுத்து. அதுக்கு முன்ன போட்டியே, அத்த வையி. எதுவா இருந்தாலும் அத்த வையி."

"எதுன்னு தெரியாமயா?"

"தெரிய வேணாம். அதுல பறையடிக்கிறவன் பக்கத்துல உக்காந்துகினு அடிக்கிறான். இதுல எங்கியோ கதவ இடிக்கிறான்."

இறங்கி வரச் சொன்னேன். வந்தார். டிக்கிக்கு வெளியே தரையில் பத்து கிடந்தது. பெட்டியில் பன்னிரண்டு இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தரையில் கிடந்ததைக் கால் விரலால் காட்டினார்.

"அட போக்கா" என்றார் டிரைவர். குனிந்து பத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இந்தப் பன்னெண்ட இன்னா பண்றது?"

"மொட்டை மாடில வேணாம், கட்டிலுக்குக் கீழ வை. என்னிக்காவது பெரிய வண்டி வாங்குவ. அன்னிக்கி அதுக்கேத்த பொட்டி செய்றேன்."

பத்தை மாட்டி எல்லாம் முடிந்ததும், பழக்கதோஷம், டிரைவர் என் வீட்டுக்காரரிடம் கையை நீட்டினார். "சூப்பர் பாய். பொட்டின்னா இது பொட்டி."

என் வீட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எங்கிட்ட எதுக்கு சொல்ற? செஞ்சது அது. அங்க சொல்லு" என்று என் பக்கம் தலையை ஆட்டினார்.

அத்தனை வருடத்தில் அவர் அதைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். டிரைவர் என்னிடம் கை நீட்டத் தயங்கி, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். "தப்பு என்னுதுக்கா" என்றார். "சரி சரி, போயி சவாரியப் பாரு" என்றேன். மெஷினில் போய் உட்கார்ந்து, தைக்க ஒன்றும் இல்லாமல் மிதித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து ஸ்டாண்ட் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருவர் வண்டியில் இடப்பக்கச் சந்து, ஒருவருக்கு வலப்பக்கம், ஒருவருக்கு இடமே இல்லை. அவரிடம் முடியாது என்று நேராகச் சொல்லி அனுப்பினேன். இல்லாத இடத்தில் பெட்டி வைப்பதாகச் சொல்லி ஏமாற்ற எனக்குத் தெரியாது. அவர் கோபித்துக்கொண்டு போய், வேறு இரண்டு பேரை அனுப்பிவைத்தார். குத்தம்பாக்கம் பக்கத்திலிருந்துகூட ஒரு வேன்காரர் வந்தார். என் வீட்டுக்காரர் இருந்தாலும் அவரைத் தாண்டி உள்ளே பார்த்து, "பொட்டி அக்கா இல்லியா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்கு முதல் தடவை முகம் கொஞ்சம் சுருங்கியது. "இப்ப தெரியுதா?" என்றேன். "தெரியுது தெரியுது" என்றார்.

இந்த ஆயுத பூஜைக்கு லேத் பட்டறைக்காரர் பொரியோடு வந்தார். நெற்றியில் சந்தனம், இரண்டு கையிலும் இரண்டு பொட்டலம். என் வீட்டுக்காரர் வழக்கம்போல இரண்டுக்கும் கை நீட்டினார்.

"இரு பாய். இதான் உனுக்கு. கடலை, வெல்லம் எல்லாம் போட்டது. துண்ணு." இன்னொரு பொட்டலத்தை அவர் கைக்கு எட்டாமல் தூக்கிக்கொண்டார். அது பெரியது. "இது அக்காக்கு. ஒத்த கடலை இல்லாம பொறுக்கிக் கட்டி எடுத்தாந்துக்கீறேன். ஊட்டுக்காரியும் நானும் உக்காந்து பொறுக்கனோம்."

என் கையில் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். பிரித்துப் பார்த்தேன். வெறும் பொரி. நன்றி எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அன்று அளக்க வேண்டிய பெட்டி ஒன்று தயாராக இருந்தது. "போயிடாத, இந்த மூலையப் புடி" என்று பெட்டியை அவரைப் பிடிக்கச் சொல்லி, பொரியை உள்ளே கொட்டினேன்.